வீட்டுக்குள் வந்தது ஓநாய்ப் பாம்பா, கட்டுவிரியனா? படத்தை வைத்து இனம் பிரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கருத்த உடம்பும் வெள்ளைப் பட்டைகளும் கொண்ட ஒல்லிப் பாம்பு ஒன்று இரவில் வீட்டுக்குள் வந்தால், அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று ஓநாய்ப் பாம்பு. நூல்களில் வெள்ளிக்கோல் வரையன் என்ற பெயரும் உண்டு. கொலுப்ரிட் குடும்பத்தில் லைகோடான் என்ற பேரினத்தைச் சேர்ந்தது; நம்மை ஒன்றும் செய்யாது. இன்னொன்று கட்டுவிரியன். நல்ல பாம்பின் குடும்பம். தூங்குகிறவரைக் கடித்தால் கடித்ததே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாததால் இரண்டு பக்கமும் இழப்பு. தினமும் எங்கோ ஒரு ஓநாய்ப் பாம்பு கட்டுவிரியன் என்று அடிபட்டுச் சாகிறது. அதைவிட மோசம், கட்டுவிரியனை 'விஷமில்லாதது' என்று யாரோ சொல்லிவிடுவது. ஊர்க் குழுக்களில் வரும் படங்களைப் பார்த்து இனம் சொல்லப் பழகும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடையாளங்கள் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். எதை முதலில் பார்ப்பது, எதை எவ்வளவு நம்புவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

1. முதல் கேள்வி: யாரையாவது கடித்ததா?

படத்தைத் திறக்கும் முன்பே இதைக் கேளுங்கள். 'ஆம்' என்றால், அல்லது 'தெரியவில்லை, குழந்தை அழுதது' என்றால் கூட, இனம் பிரிக்கும் வேலை அங்கேயே நிற்க வேண்டும். 108-ஐ அழைத்து நேராக மருத்துவமனை. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம்.

காரணம் எளிது. இந்தியாவில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே செய்யப்படுவது. எந்தப் பாம்பு என்று முடிவாகும்வரை மருத்துவர் காத்திருப்பதில்லை, அறிகுறிகளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். உங்கள் பதிலுக்காக ஒரு நிமிடம்கூட அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கடிவாயின் படத்தை அனுப்பி 'ரெண்டு பல் பதிஞ்சிருக்கு, விஷப்பாம்புதானே?' என்று கேட்பார்கள். ஓநாய்ப் பாம்புக்கு அந்தப் பெயரே முன்வரிசையில் நீண்டிருக்கும் பற்களால் வந்தது. வழவழப்பான அரணையும் பல்லியும் நழுவாமல் பிடிக்க அந்தப் பற்கள். அது கடித்தாலும் இரண்டு புள்ளி தெரியலாம். கட்டுவிரியன் கடித்த இடமோ பல நேரம் கொசு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது. வலியும் வீக்கமும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, கண் இமை சரிவது என்று தொடங்கும். ஆகவே கடிவாயை வைத்து இனம் சொல்லாதீர்கள். ஒருபோதும் வேண்டாம்.

2. அங்கே இருப்பவர் செய்ய வேண்டியவை

யாரையும் கடிக்கவில்லை, பாம்பு இன்னும் அங்கேயே இருக்கிறது என்றால், இதை இந்த வரிசையில் சொல்லுங்கள்.

முதலில் குழந்தைகளையும் நாயையும் பூனையையும் வேறு அறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் விளக்கைப் போடச் சொல்லுங்கள். காலில் செருப்பாவது இருக்க வேண்டும். ஆறடி தள்ளி ஒருவர் நின்று பாம்பின் மேல் கண் வைத்திருக்கட்டும். கண் எடுத்தால் அது பீரோவுக்குப் பின்னால் போய்விடும். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள்.

துடைப்பத்தால் திருப்பிப் போடுவது, பாட்டிலில் அடைப்பது, காலால் வாலை மிதித்து நிறுத்துவது எல்லாம் வேண்டாம். 'அடையாளம் தெரியணும்னுதான் திருப்பினேன்' என்று சொல்கிறவர்கள் உண்டு. நமக்கு நல்ல படம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒருவர் பாம்பின் அருகில் போனால் அந்தத் தவறு நம்முடையது. படம் கேட்கும்போதே 'நின்ற இடத்திலிருந்து, ஜூம் பண்ணி' என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

பிடிக்கத் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடலாம், வனத்துறைக்கும் சொல்லலாம். படம் எடுக்கும் முன்பே இந்த அழைப்பைச் செய்துவிடுவது நல்லது. ஆட்கள் வந்து சேரும் நேரத்தில் நாம் இனம் பார்த்துக்கொள்ளலாம்.

3. என்னென்ன படங்கள், எந்த வரிசையில்

முழு உடம்பும் ஒரே சட்டத்துக்குள் வரும் படம்தான் முதல் படம். பாம்பு அடுத்த நொடியே போய்விடலாம். தலையை மட்டும் எடுத்த பத்துப் படங்களைவிட, கொஞ்சம் மங்கலான ஒரு முழு உடம்புப் படம் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. காரணம் நான்காவது படியில் புரியும்.

இரண்டாவது, கழுத்திலிருந்து உடம்பின் முதல் கால்பகுதி. மூன்றாவது, முதுகெலும்பின் நடுக்கோடு தெரியும்படி மேலிருந்து. நான்காவது, வால். கடைசியாகத் தலை, பக்கவாட்டில். புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகக் கேட்கிறார்கள். தலையைத் தெளிவாக எடுக்க ஆறடி தூரத்திலிருந்து முடியாது. அதை முதலில் கேட்டால் அவர் குனிவார்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன் ஃபிளாஷ் நேராக அடித்தால் இரண்டு பாம்புமே பளபளக்கும், செதில்கள் வெள்ளையாகக் கரைந்துவிடும். வேறொருவர் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் ஒவ்வொரு செதிலின் ஓரமும் நிழலோடு எழுந்து நிற்கும். முதுகுச் செதில்களைப் பார்க்க இந்தப் பக்க வெளிச்சம் இல்லாமல் முடியாது.

படத்தை அழகுபடுத்தாமல் அனுப்பச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிய படத்தில் கருநீலம் பழுப்பாகிவிடும். பழுப்பு என்றால் ஓநாய்ப் பாம்பு என்று நாம் முடிவு செய்துவிடுவோம்.

4. பட்டைகளைக் கழுத்திலிருந்து வால்வரை படியுங்கள்

பெரும்பாலான தவறுகள் நடப்பது இந்தப் படியில். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் வீடுகளுக்கு அதிகம் வருவது லைகோடான் ஆலிகஸ் என்ற சாதாரண ஓநாய்ப் பாம்பு. அதன் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கிவிடும். பிடரியில் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் நிறத்தில் காலர் போல ஒரு திட்டு இருக்கும். முன்பக்கத்தில் பட்டைகள் அகலமாகவும் தெளிவாகவும் இருந்து, போகப் போக மங்கி, வாலுக்கு அருகில் பல நேரம் காணாமலே போய்விடும். ஒவ்வொரு பட்டையும் முதுகில் ஒற்றையாக இருந்து, விலாவில் இறங்கும்போது இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு முக்கோணத்தை விட்டுச் செல்லும். கவிழ்த்துப் போட்ட கவட்டை போல. உடம்பில் மொத்தம் 12 முதல் 19 பட்டைகள்.

வளர்ந்த கட்டுவிரியனில் இது நேர்மாறு. கழுத்தும் அதையடுத்த பகுதியும் பட்டையே இல்லாமல் வெறும் கருநீலமாக இருக்கும், அல்லது முதுகு நடுவில் சில வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெரியும். உடம்பின் பிற்பகுதிக்குப் போகும்போதுதான் பட்டைகள் தெளிவாகி, வால்வரை செல்லும். அவை மெல்லிய கோடுகள். பெரும்பாலும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து வரும். மொத்தம் சுமார் 40.

முழு உடம்புப் படத்தை முதலில் கேட்கச் சொன்னது இதனால்தான். முன்பாதியை மட்டும் பார்த்தால் பட்டை தொடங்கும் இடம் தெரியும், ஆனால் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது தெரியாது. பின்பாதியை மட்டும் பார்த்தால் இன்னும் ஆபத்து.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். தொடங்கிய காலத்தில் ஒருவர் அனுப்பிய படத்தில் வாசல்படிக்கும் கதவுக்கும் இடையே பாம்பின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. சிறியது, மங்கிய பட்டை. ஓநாய்ப் பாம்பு என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அவரே முழுப் படத்தை அனுப்பினார். மெல்லிய ஜோடிக் கோடுகள் வால் நுனிவரை போயிருந்தன. அந்தப் பத்து நிமிடம் அவர் வெறுங்காலோடு அதன் பக்கத்தில் நின்றிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாதி உடம்புப் படத்துக்கு நான் பதில் சொல்வதே இல்லை. 'முழுசா வேணும், அதுவரைக்கும் கட்டுவிரியன்னு நினைச்சுக்கோங்க' என்பதுதான் என் பதில்.

5. பட்டை ஏமாற்றும் இடங்கள்

நான்காவது படியை மனப்பாடம் செய்தவர்கள் தடுக்கி விழுவது கீழே சொல்லும் மூன்று இடங்களில்.

முதலாவது, கட்டுவிரியன் குட்டி. அதற்குப் பட்டைகள் முன்பக்கத்திலும் தெளிவாக இருக்கும். 'கழுத்திலேயே பட்டை இருக்கிறதே, அப்போ ஓநாய்ப் பாம்பு' என்ற கணக்கு இங்கே உயிரோடு விளையாடுவது. முட்டையிலிருந்து வந்த குட்டிக்கே ஓரடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம் இருக்கும், அதாவது நடுத்தர ஓநாய்ப் பாம்பின் அளவு. ஆகவே சின்னது என்பதும் கழுத்தில் பட்டை என்பதும் சேர்ந்து வந்தாலும் போதாது. பட்டை ஒற்றையாக, அகலமாக, விலாவில் பிளந்து இருக்கிறதா என்று பாருங்கள். எண்ண முடிந்தால் எண்ணுங்கள். 20-க்குள் நிற்கிறதா, 40-ஐ நோக்கிப் போகிறதா என்பது பெரிய துப்பு.

இரண்டாவது, லைகோடான் ஸ்ட்ரையேட்டஸ் என்ற பட்டை ஓநாய்ப் பாம்பு. சின்னப் பாம்பு, வறண்ட இடங்களில் அதிகம் தென்படும். நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு. இதில் பட்டைகள் முன்பக்கம் தள்ளித் தள்ளியும் பின்பக்கம் நெருங்கியும் இருக்கும். அதனால் 'வால்பக்கம் பட்டை மங்கினால் ஓநாய்ப் பாம்பு' என்ற விதி இதற்குப் பொருந்தாது. கட்டுவிரியனோடு அதிகம் குழம்புவது இதுதான் என்பது என் அனுபவம்.

மூன்றாவது, பட்டையே இல்லாத பாம்பு. இரண்டு இனத்திலும் பட்டை மங்கிய, அல்லது அறவே இல்லாத பாம்புகள் உண்டு. தோல் உரிக்கும் முன் உடம்பே சாம்பல் பூத்தது போல ஆகி, இருந்த பட்டையும் தெரியாமல் போகும். வெறும் கறுப்புப் பாம்பின் படம் வந்தால் நான்காவது படியை விட்டுவிட்டு நேராக ஆறாவதுக்குப் போங்கள்.

6. முதுகு நடுவில் உள்ள செதில்களைப் பாருங்கள்

பட்டை சந்தேகத்தைக் கிளப்பும். செதில் அதைத் தீர்க்கும். நிறம் பாம்புக்குப் பாம்பு மாறலாம், வயதோடு மாறலாம். செதிலின் அமைப்பு அப்படி மாறுவதில்லை.

படத்தைப் பெரிதாக்கி, முதுகெலும்பின் மேலாகத் தலையிலிருந்து வால்வரை செல்லும் அந்த ஒரே ஒரு வரிசையைப் பாருங்கள். கட்டுவிரியனில் அந்த வரிசைச் செதில்கள் மட்டும் பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரியவை. அறுகோணமாக, தேன்கூட்டின் அறைகளை வரிசையாக அடுக்கியது போல இருக்கும். ஓநாய்ப் பாம்பில் அந்த வரிசைக்கும் பக்கத்து வரிசைக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒரே அளவு.

இதைப் பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கும். பாம்பு வளைந்திருக்கும் இடத்தில் வெளிவளைவின் செதில்கள் விரிந்து பெரிதாகத் தெரியும். நேராகக் கிடக்கும் பகுதியை மட்டும் பாருங்கள். ஒரு செதிலைப் பார்த்து முடிவு செய்யாமல், அடுத்தடுத்து ஐந்தாறு செதில்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெரிய அறுகோணச் செதில் தெளிவாகத் தெரிந்தால் கட்டுவிரியன் என்று சொல்லிவிடலாம், பட்டை எப்படி இருந்தாலும் சரி. ஆனால் தெரியவில்லை என்றால், உடனே ஓநாய்ப் பாம்பு என்று தாவாதீர்கள். படம் மங்கலாக இருப்பதாலும் தெரியாமல் இருக்கலாம். 'செதில்கள் தெளிவாகத் தெரிகின்றன, எல்லாம் ஒரே அளவு' என்று சொல்ல முடிந்தால்தான் அது ஓநாய்ப் பாம்பின் பக்கம் நிற்கும் சான்று.

7. தலை: நாசிக்கும் கண்ணுக்கும் இடையில்

தலையை மேலோட்டமாகப் பார்ப்பதில் பயனில்லை. 'தலை முக்கோணமாக இருந்தால் விஷம்' என்ற பேச்சை மறந்துவிடுங்கள். கட்டுவிரியனின் தலை முக்கோணம் இல்லை, கழுத்தைவிட அவ்வளவாக அகலமும் இல்லை. ஓநாய்ப் பாம்பின் தலைதான் தட்டையாக, மூக்குப் பக்கம் தட்டைக் கரண்டி போல நீண்டு, கழுத்திலிருந்து சற்றுப் பிரிந்து தெரியும். அந்தக் கணக்கில் போனால் தப்பாகவே முடியும்.

கண்ணும் உதவாது. இரண்டுக்கும் கருமணி போன்ற கண். ஓநாய்ப் பாம்பின் பாவை செங்குத்துக் கீற்றுதான் என்றாலும், கண் முழுதும் கறுப்பாக இருப்பதால் படத்தில் அது தெரியாது.

உதவுவது ஒரே ஒரு சின்னச் செதில். நாசித் துளையைச் சுற்றிய செதிலுக்கும் கண்ணுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் செதிலுக்கும் நடுவே இன்னொரு செதில் இருக்கிறதா? அதை லோரியல் செதில் என்பார்கள். லைகோடான் பாம்புகளுக்கு அது உண்டு. கட்டுவிரியனுக்கும் நல்ல பாம்புக்கும் கிடையாது. அவற்றில் நாசிச் செதில் நேராகக் கண்முன் செதிலைத் தொடும். தெளிவான பக்கவாட்டுப் படம் தானாக வந்தால் இதைப் பாருங்கள். இதற்காக யாரையும் கிட்டே போகச் சொல்லாதீர்கள்.

8. பாம்பு போய்விட்டது, சட்டை மட்டும் கிடக்கிறது

இது அடிக்கடி நடக்கும். பரணிலோ விறகு அடுக்கிலோ பாம்புச்சட்டை கிடைக்கும், 'என்ன பாம்பு இது?' என்று கேள்வி வரும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கடிக்காது, ஓடாது, செதில் ஒவ்வொன்றும் தாளில் அச்சடித்தது போல இருக்கும்.

காய்ந்த சட்டையைப் பிரிக்க முயலாதீர்கள், பொடிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் துணி போல மெத்தென்று ஆகிவிடும். ஒரு கறுப்புத் தட்டிலோ கண்ணாடியிலோ விரித்து வையுங்கள். சட்டை உள்பக்கம் வெளியே வரும்படி கழன்றிருக்கும், காலுறையைக் கழற்றுவது போல. குழம்ப வேண்டாம், செதிலின் வடிவம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

முதலில் முதுகு வரிசையில் அறுகோணம் உண்டா என்று பாருங்கள். சட்டையில் இது அழகாகத் தெரியும்.

அடுத்து வால். ஆசனத் துளைக்குக் கீழே, வாலின் அடிப்பக்கம், செதில்கள் ஒற்றை ஒற்றையாகக் குறுக்கே முழுதும் போகின்றனவா, இல்லை நடுவில் பிளந்து இரண்டு வரிசையாக, பின்னல் போட்டது போலப் போகின்றனவா? ஒற்றை என்றால் கட்டுவிரியன். இரட்டை என்றால் ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம். நல்ல பாம்புக்கும் சாரைக்கும் இன்னும் பலவற்றுக்கும் இரட்டைதான் என்பதால் அதை மட்டும் வைத்து முடிக்க முடியாது.

மூன்றாவது, நடு உடம்பில் செதில் வரிசைகளை எண்ணுவது. வயிற்றின் அகலச் செதிலை ஒட்டிய முதல் செதிலில் தொடங்கி, சாய்வாக மேலே ஏறி முதுகு நடுவைத் தொட்டு, மறுபக்கம் சாய்வாக இறங்குங்கள். குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால் பிசகாது. சாதாரண ஓநாய்ப் பாம்புக்கு 17 வரும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் 15. நேர்க்குறுக்காக எண்ணினால் எண்ணிக்கை தவறும், புதியவர்கள் எல்லாரும் முதல்முறை அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

நீளத்தை மட்டும் அளக்காதீர்கள். கழற்றும்போது சட்டை இழுபட்டுப் பாம்பைவிட நீளமாகிவிடும். 'நாலடிப் பாம்பு வீட்டில் இருக்கிறது' என்று பயந்தவர்களின் வீட்டில் உண்மையில் இருந்தது அதைவிட நன்றாகவே சின்னது.

செத்த பாம்பு என்றால் இதே சோதனைகளைச் செய்யலாம், ஆனால் கையால் தொடாமல். அடிபட்ட பாம்பின் தலை நெடுநேரம் கழித்தும் அனிச்சையாகக் கடிக்கும். நீண்ட குச்சியால் வாலை மட்டும் திருப்பிப் படம் எடுத்தால் போதும்.

9. ஓநாய்ப் பாம்புதான் என்று ஆனபின்: எந்த இனம்?

கட்டுவிரியன் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் படிக்கு வர வேண்டும். ஆர்வத்தில் முதலிலேயே இங்கே வந்துவிடுகிறவர்கள் 'இது அந்த அரிய இனமோ' என்ற ஆசையில் கட்டுவிரியனைக்கூட லைகோடான் ஆக்கிவிடுகிறார்கள்.

சமவெளி வீடு, பழுப்பு உடம்பு, பிடரியில் காலர், பிளந்த பட்டைகள் என்றால் ஆலிகஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு ஒட்டிய உருவமுள்ள இன்னொரு இனம் லைகோடான் அனமலென்சிஸ். நெடுங்காலம் ஆலிகஸோடு குழப்பிக் கிடந்தது, 2018-இல் தனி இனமாக மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. பட்டையை மட்டும் காட்டும் படத்தில் இரண்டையும் பிரிப்பது சரியாக வராது. 'ஆலிகஸ் வகை' என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கறுப்பு உடம்பு, சின்ன உருவம், முன்னே தள்ளியும் பின்னே நெருங்கியும் பட்டை என்றால் ஸ்ட்ரையேட்டஸ். மேற்குத் தொடர்ச்சி மலையில், கருமையான உடம்பில் மஞ்சள் சாயல் பட்டைகளோடு தெரிந்தால் லைகோடான் திருவாங்கூரிகஸ் பக்கம் யோசிக்கலாம். வாலின் தொடக்கத்தில் உள்ள ஆசனச் செதில் இதில் பிளவில்லாமல் ஒற்றையாக இருக்கும், ஆலிகஸில் இரண்டாகப் பிளந்திருக்கும். சட்டை கிடைத்தால் பார்க்க வேண்டிய இடம் அது.

உடம்பில் பட்டையே இல்லாமல், கழுத்தில் மட்டும் மஞ்சள் காலர் இருந்தால் லைகோடான் ஃபிளாவிகோலிஸ். இது கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டி மலையிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட இனம். ஒரு எச்சரிக்கை: பட்டை மங்கிய ஆலிகஸுக்கும் காலர் மிச்சமிருக்கும். மலையடிவாரத்துக்கு வெகு தூரத்தில் எடுத்த படம் என்றால் அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக லைகோடான் நிம்ஃபா. முன்பு டிரையோகேலமஸ் என்ற தனிப் பேரினத்தில் இருந்தது, இப்போது லைகோடானுக்குள் வந்துவிட்டது. வேலூரின் பெயரால் உலகுக்கு அறிமுகமான பாம்பு. கயிறு போல ஒல்லி, கறுப்பில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டைகள், சுவரிலும் மரத்திலும் ஏறுவதில் கெட்டி. நடு உடம்பில் செதில் வரிசை 13 மட்டுமே. சட்டையில் எண்ணினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். பளிச்சென்ற கறுப்பு வெள்ளையைப் பார்த்து இதைக் கட்டுவிரியன் என்று அடித்துவிடுகிறார்கள்.

10. நடத்தையைச் சான்றாக எடுக்காதீர்கள்

'சுவரில் ஏறியது, அதனால் கட்டுவிரியன் இல்லை.' 'சீறவே இல்லை, சாதுவாகக் கிடந்தது.' 'வெடுக்கென்று கடிக்க வந்தது, விஷப்பாம்புதான்.' இவை எல்லாம் அடிக்கடி வரும்.

ஓநாய்ப் பாம்பு சுவர் ஏறுவதில் கெட்டிக்காரன் என்பது உண்மை. பல்லியைத் தேடி ஏறும். ஆனால் கட்டுவிரியன் ஏறவே ஏறாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கோபத்தைப் பார்த்தால் இன்னும் தலைகீழ். மாட்டிக்கொண்ட ஓநாய்ப் பாம்பு சட்டென்று கடிக்கும். கட்டுவிரியனோ பகலில் தலையை உடம்புச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு மந்தமாகக் கிடக்கும், இரவில்தான் சுறுசுறுப்பு. சாதுவாக இருப்பதை நம்பிக் கையில் எடுத்தவர்கள் உண்டு. இரண்டுமே இரவாடிகள் என்பதால் வந்த நேரமும் எதையும் பிரித்துச் சொல்லாது.

11. பதிலை எப்படிச் சொல்வது

மூன்று பதில்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'கட்டுவிரியன்.' 'ஓநாய்ப் பாம்பு, உறுதி.' 'தெரியவில்லை, கட்டுவிரியனாகவே நடத்துங்கள்.' 'ஓநாய்ப் பாம்பு மாதிரி இருக்கு' என்ற நான்காவது பதில் வேண்டவே வேண்டாம். கேட்பவர் காதில் 'மாதிரி' விழாது, 'விஷமில்லை' என்பது மட்டும்தான் விழும்.

உறுதி என்று சொல்ல நான் வைத்திருக்கும் அளவு: முழு உடம்புப் படம் இருக்க வேண்டும், பட்டையின் வடிவம் பொருந்த வேண்டும், முதுகுச் செதில் ஒரே அளவு என்று தெளிவாகத் தெரிய வேண்டும், அல்லது லோரியல் செதில் கண்ணில் பட வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மூன்றாவது பதில்.

பதிலோடு காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 'பட்டை கழுத்தில் தொடங்குகிறது, விலாவில் பிளக்கிறது, முதுகுச் செதில் ஒரே அளவு' என்று எழுதினால், நீங்கள் தவறியிருந்தால் வேறொருவர் உடனே பிடித்துவிடுவார். அடுத்தமுறை படம் அனுப்புகிறவரும் அந்த இடத்தைப் பார்த்து எடுப்பார்.

12. பாம்பு போனபின் வீட்டில்

ஓநாய்ப் பாம்பு என்று உறுதியானால், கதவைத் திறந்து, வெளியே போகும் வழியில் இருட்டாக விட்டு, எல்லாரும் ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் தானே போய்விடும்.

அது வந்தது பல்லிக்காக. சுவர் விளக்கடியில் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்குப் பாம்பு. வாசல் விளக்கை இரவு முழுதும் எரியவிடாமல் இருந்தாலே வரவு குறையும். கதவின் அடி இடைவெளியை விரல் நுழையாத அளவுக்கு அடைக்க வேண்டும். ஓநாய்ப் பாம்பு தட்டைத் தலையால் நம்ப முடியாத சந்தில் நுழையும். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்கு வலைத்தட்டு போடுங்கள். சுவரில் குழாயும் வயரும் நுழையும் ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள்.

கட்டுவிரியன் வந்த வீடு என்றால் இதோடு இன்னும் இரண்டு. தரையில் படுப்பதை நிறுத்தி, கட்டிலில் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுக்க வேண்டும். வீட்டை ஒட்டி அடுக்கிய செங்கல், விறகு, ஓடு எல்லாவற்றையும் தள்ளி மாற்ற வேண்டும், பகலில், கையுறையோடு, நீண்ட கம்பியால் முதலில் தட்டிப் பார்த்துவிட்டு.